செவலையின் சர்க்கரை

இன்றைக்கு அவிநாசி ரோட்டில் என் பெயர் போட்ட லாரிகள் ஓடுகின்றன. நான் படித்தது ஐந்தாவது வரைதான். மூளை ஒன்றும் பள்ளிக்கூடத்தில் முளைப்பதில்லை. பத்து வயதிலேயே எனக்கு அது வேலை செய்தது என்பதற்கு எங்கள் தோட்டத்துப் பெண் நாய் செவலையே சாட்சி.

தொண்ணூறுகளின் தொடக்கம். அந்த வருடம் செவலை மாடுகளுக்குப் போட்டியாகத் தொட்டித் தண்ணீரைக் குடித்தது. வைத்ததையெல்லாம் தின்றும் விலா எலும்பு தெரிய இளைத்தது. கண் பட்டிருக்கும் என்று அம்மா மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். தெம்புக்கு என்று தினமும் சோற்றில் ஒரு கை நாட்டுச்சர்க்கரையைப் பிசைந்தும் வைத்தாள். எங்கள் பக்கம் இளைத்தவர் எவருக்கும் அதுதான் முதல் மருந்து.

ஒரு காலையில் செவலையால் எழ முடியவில்லை. தூக்கி நிறுத்தினால் தள்ளாடி விழுந்தது. வாயில் நுரை, மூச்சு இழுத்து இழுத்து வந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்த பெரியப்பா தடியோடு வந்துவிட்டார்.

“வெறி புடிச்சுப்போச்சு. தள்ளி நில்லு கண்ணு, ஒரே அடி.”

நான்தான் யோசித்தேன். வெறி நாய் தண்ணீரைக் கண்டால் மிரளும் என்று ஊரே சொல்லும். சட்டியில் மொண்டு அதன் மூக்குக்கு நேராக நீட்டினேன். அம்மா அலறினாள். செவலை நக்கி நக்கிக் குடித்தது. குடித்த கையோடு வாந்தியும் எடுத்தது.

“பாருங்க பெரியப்பா, குடிக்குது!”

அவர் தடியைக் கீழே போடவில்லை. “பொழுது உழுகறதுக்குள்ள டாக்டர் வெறி இல்லீனு சொல்லோணும். இல்லீனா நானே முடிச்சுப்போடுவேன்.”

சாக்கில் சுற்றி, அப்பா ஓட்டிய மொபெட்டின் பின்னால் என் மடியில் வைத்துக்கொண்டு போனோம். அதன் மூச்சில் அழுகின பழ வாசம் அடித்தது. பீளமேடு தாண்டும்போது கண் செருகிவிட்டது. அப்பாவின் முதுகில் குத்தி, “சீக்கிரம் போங்கப்பா” என்று கத்தினேன்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் குனிந்ததும் அந்த வாசத்தைத்தான் முகர்ந்தார்.

“ஏனுங்க, தண்ணி நெறையக் குடிச்சுதுங்களா?”

“தொட்டியே பத்தாதுங்க,” என்றார் அப்பா.

“ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு?”

நான் முந்திக்கொண்டேன். “பொறவாசல் தென்னமரத்தடில கருகருனு மொய்க்குமுங்க!”

அதன் மூத்திரத்தை நீல மருந்தில் கலந்து சூடாக்கினார். நீலம் செங்கல் நிறமானது.

“வெறி இல்லீங்க, சர்க்கரை வியாதி. கவனிக்காம முத்தி, ரத்தமே வெசமாப்போச்சு. பொழைக்குமானு சாயங்காலந்தான் தெரியும்.”

நாட்டுச்சர்க்கரைக் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். நான் என் தண்ணீர்ச் சோதனையைப் பெருமையாகச் சொன்னேன். “வெறி நாயும் தண்ணி குடிக்கும் சாமி. இனி அந்த வேலையே வேண்டாம்,” என்றார். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

செவலையின் காலில் சலைன் ஏறியது. இன்சுலின் போட்டார்கள். அப்பா மூலையிலிருந்த பானைத் தண்ணீரை டம்ளர் டம்ளராகக் குடித்தார். ஒரு நாய்க்காக மனுஷனுக்கு இத்தனை தொண்டை வறளுமா என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. வெயில் சாயும் நேரம் செவலையின் வால் லேசாக அசைந்தது.

பிழைத்து வீடு வந்தது. அப்பாவே தினமும் ஊசி போட்டார். அதன் சோற்றில் பிசைந்த சர்க்கரையை அம்மா நிறுத்தினாள். நாய்க்காக அலைந்தே மனுஷன் பாதியாகிவிட்டார் என்று, அந்த ஒரு கைச் சர்க்கரையை அப்பாவின் கஞ்சியில் போட்டாள்.

செவலையை முன்வாசலில் கட்டிப்போட்டும் தென்னைமரத்தடி எறும்பு மட்டும் போகவில்லை. யாரும் பார்க்காத நேரம் கட்டை அவிழ்த்துக்கொண்டு அங்கே போய்வருகிறது என்று நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். வீடே என் மூளையை மெச்சியது. அப்பாவும்தான், சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தபடியே.