தந்தி ஆபீசுக்குப் போகாத ஸ்டோரி

ஸ்டோரி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அலுப்புத் தட்டுகிறது. சிறுவயதில் அதை அவ்வளவு கேட்டாயிற்று. சித்தப்பா தூத்துக்குடியிலிருந்து சென்னை இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த ஒரு சொல் போதும், அதை வைத்தே காலம் தள்ளிவிடுவார். உப்பு விலை ஏறினால் ஸ்டோரி. கப்பல் தரை தட்டினால் ஸ்டோரி. கலெக்டர் வந்தால் ஸ்டோரி, வராவிட்டால் அதைவிடப் பெரிய ஸ்டோரி. எழுதின காகிதமும் ஸ்டோரி, கிணற்றில் விழுந்த ஆளும் ஸ்டோரி. பத்திரிகைக்காரர்கள் போடாமல் விட்டால், "என் ஸ்டோரியக் கொன்னுட்டான்" என்று சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். அவர் நல்ல ஸ்டோரி என்றால் யாருக்கோ கெட்ட காலம் என்று அம்மா முணுமுணுப்பாள்.

அந்த ஸ்டோரிகளுக்குப் பரீட்சை வைத்தது அத்தை. சித்தப்பாவுக்கு அக்கா. இங்கிலீஷ் ஓரெழுத்து தெரியாது. தந்தி ஆபீசுக்குப் போகுமுன் சித்தப்பா அடுப்படி வாசலில் உட்கார்ந்து, எழுதியதைத் தமிழில் சொல்லுவார். பாதியில் நிறுத்துவார். அத்தை, "பொறவு என்னல ஆச்சு?" என்று கேட்டால் தந்தி போகும். கேட்காமல் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தால் காகிதம் அடுப்புக்குப் போகும். சென்னையில் இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

இரண்டாவது உலக யுத்த காலம். அத்தையின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, கொழும்பில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அங்கே குண்டு விழுந்தது என்று சேதி வந்த பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அக்கரையிலிருந்து தப்பியவர்கள் தோணியிலும் ரயிலிலும் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா தினமும் போய் விசாரிப்பார். விசாரித்ததில் பாதி பத்திரிகைக்கு, பாதி அத்தைக்கு. "அத்தானப் பாத்தவங்க யாருமில்லக்கா" என்பார். அத்தை சரி என்பாள். கழுத்துச் சரட்டை மட்டும் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

ஒருநாள் மத்தியானம் சித்தப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து வாசலில் உட்கார்ந்தார். கையில் எழுதிய காகிதம் இருந்தது. அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கொழும்புல ஒரு கடைக்கார அண்ணாச்சியாம்" என்று ஆரம்பித்தார். "குண்டு போட வாறான்னு சங்கு ஊதினதும் எல்லாரும் வெளிய ஓடிட்டாங்க. சமையல்காரக் கிழவருக்குக் காது மந்தம். அவருக்குச் சங்கு கேக்கல. உள்ள தூங்கிட்டு இருந்தாரு. அண்ணாச்சி அவர எழுப்பத் திரும்ப உள்ள போயிருக்காரு."

நிறுத்தினார். அத்தை கட்டாயம் கேட்பாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். முறம் அப்படியே நின்றது. அவள் கேட்கவில்லை.

"சோறு வைக்கட்டாலே?" என்றாள்.

"வைய்யி" என்றார் சித்தப்பா. காகிதத்தை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு நல்ல ஸ்டோரியை இப்படியா கெடுப்பது? "அந்தக் கிழவர் பொழைச்சாரா சித்தப்பா?" என்று நானே கேட்டேன்.

"பொழைச்சாரு. அவருதாம்ட்டி இன்னிக்கு வந்து எறங்கினாரு" என்றார். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அத்தை கேட்காமலே அவர் இலையில் இன்னொரு கரண்டி வைத்தாள். குழம்பு தரையில் சிந்தியது. யாரும் துடைக்கவில்லை.

மாமாவின் கடையில் சமைத்தவர் காது மந்தமான ஒரு கிழவர் என்பது அத்தைக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. பிறகு சேதி முறைப்படி அப்பாவுக்கு வந்தது, சொந்தக்காரர்கள் கூடினார்கள், ஆகவேண்டியது ஆனது. அன்றைக்குத்தான் அத்தைக்கு விஷயம் தெரிந்தது என்று எல்லாரையும்போல நானும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்த மத்தியானம் எனக்கு ஒரே சந்தோஷம். கிழவர் பிழைத்துவிட்டாரே! தெருவில் விளையாடியவர்களிடம் எல்லாம் சொன்னேன். போதாதென்று ஓடிவந்து, அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அத்தையிடமும் சொன்னேன்.

"நல்லதுட்டி" என்றாள் அத்தை. "அவராவது வந்துட்டாரே."