மார்லிஸ் தோண்டிய புல்வெளி

எங்கள் ஊர்ப் பூங்காவில் மண்ணில் புதைந்த காசு, நகையைத் தேடி மெட்டல் டிடெக்டரோடு திரிகிறவர்களுக்கு அனுமதி அட்டை கொடுப்பது என் வேலை. புல் வெட்டுவது, கழிப்பறை கழுவுவது போக இதுவும் என் தலையில்தான் விழுந்தது. மண்வெட்டி கூடாது, கைக்கத்தி மட்டும். புல்லை மூன்று பக்கம் கீறி, நான்காவது பக்கத்தைக் கதவுக் கீல் மாதிரி விட்டுத் திறக்க வேண்டும். வேலை முடிந்ததும் மூடி மிதித்துவிட வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஆனாலும் குழி இருக்கும், யாராவது கால் பிசகி வந்து என்னைத்தான் திட்டுவார்கள்.

கோடை தொடங்கியபோது மார்லிஸ் டோலெஃப்சன் அட்டை கேட்டு வந்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் கிழங்கு மசித்தவர். அதைத் தின்று வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். அவர் கையில் இருந்தது, குளிர்காலத்தில் இறந்துபோன அவருடைய கணவர் லைலின் கருவி.

லைலின் கதை மினசோட்டா மாநிலத்தின் இந்த மூலையில் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பூங்காவில் நடந்த ஒரு தேவாலய விருந்தில் வெண்ணெய் சொட்டச் சொட்டச் சோளக்கதிர் தின்றுவிட்டு, நட்ட கம்பியைக் குறிவைத்துக் குதிரை லாடம் எறிந்து விளையாடியபோது, கல்யாண மோதிரம் அவர் விரலிலிருந்து நழுவிப் புல்லில் போய்விட்டது. அடுத்த வாரமே கருவி வாங்கினார். அதன்பிறகு ஏரி உறையாத மாதங்களில் ஒவ்வொரு சனிக்கிழமையும் "நீ போட்டுவிட்ட மோதிரத்தைத் தேடிட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார். படுக்கையில் கிடந்த அவருடைய அம்மாவை மார்லிஸ் தனியாகப் புரட்டிப்போட்டுக் குளிப்பாட்டுவார். மோதிரம் தேடப் போகிற புருஷனை எந்த மனைவி தடுப்பாள்?

"உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு, மார்லிஸ்? முட்டி வலியோட குனிஞ்சு எந்திரிக்கணுமே" என்றேன்.

"இலையுதிர் காலத்துல அந்த விருந்து நடந்த புல்வெளியில தார் போட்டு வண்டி நிறுத்தப் போறீங்களாமே, வெண்டல். அதுக்குள்ள ஒரு தடவை பாத்துடறேன். அந்த மனுஷன் அத்தனை சனிக்கிழமை எனக்காக அலைஞ்சிருக்காரு. பாதியில விடறது நல்லாயில்ல."

வாரக்கணக்கில் தேடினார். சில்லறைக் காசுதான் கிடைத்தது. ஒரு நாள் நான் பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது ரோலி வாங்ஸ்னெஸ் எதிரே வந்தார். முன்பு தபால் கொண்டுவந்தவர், இப்போது வாரம் முழுக்க இதே பொழுதுபோக்கு.

"பூங்காவையே உழுதுட்டீங்க, மார்லிஸ். விதை எப்ப போடப்போறீங்க?"

"ஊர்ல எல்லாம் துருப்பிடிக்குது. உன் வாய் மட்டும் பிடிக்க மாட்டேங்குது, ரோலி."

சிரித்துக்கொண்டே ரோலி தன் பையிலிருந்து பீர் டின்னைத் திறக்க இழுத்து எறிகிற பழைய வளையம் ஒன்றைத் தரையில் போட்டு, மார்லிஸின் கருவியை அதன்மேல் ஆட்டினார். சத்தமே இல்லை.

"அட, டின் வளையத்துக்குச் சத்தம் போடாதபடி கருவி வாயை அடைச்சு வச்சிருக்கீங்களே. இப்படி வச்சா தங்க மோதிரமும் கேக்காது."

"ஏன்?"

"ரெண்டுக்கும் இதுல ஒரே சத்தம். அந்தக் குப்பையைத் தோண்ட அலுத்துக்கிட்டா தங்கமும் வேண்டாம்னுதான் அர்த்தம். காசு போதும்னு இருக்கறவங்கதான் இப்படி வைப்பாங்க."

"நான் எதையும் தொடல. லைல் வச்சபடியே இருக்கு."

ரோலி கருவியைத் திருப்பிக் கொடுத்தார். மார்லிஸ் வாங்கவில்லை.

"இது அவருக்குத் தெரியுமா?"

ரோலி என்னைப் பார்த்தார். நான் புல்வெட்டியைப் பார்த்தேன். "அவர்தான் எனக்கே சொல்லிக்கொடுத்தாரு" என்றார் கடைசியில்.

"முதுகு வலிக்காக அடைச்சு வச்சிருப்பாரு, மார்லிஸ்" என்றேன் நான்.

"இருக்கும்" என்றார். எங்கள் ஊரில் 'இருக்கும்' என்றால் பேச்சை நிறுத்து என்று பொருள்.

செத்தவர்மேல் கோபப்படக் கூடாதுதான். எனக்கு வந்தது. அந்தச் சனிக்கிழமைகளில் பெஞ்சில் உட்கார்ந்து, கருவியைப் புல்லில் சாய்த்துவிட்டு, குடுவையிலிருந்து காபி குடித்தபடி ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார் லைல். வீட்டில் ஒருத்தி அவருடைய அம்மாவின் படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருப்பாள்.

மார்லிஸ் வருவதை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவரோ எல்லாச் சத்தத்தையும் திறந்துவிட்டுத் தோண்டினார். எத்தனை தலைமுறை விருந்துகளின் குப்பை அது. மண்டியிடுவார், கீறுவார், ஒரு டின் வளையத்தை எடுப்பார், மூடி மிதிப்பார், பெஞ்சைப் பிடித்து எழுந்திருப்பார். மூச்சு வாங்கும். இரண்டடி தள்ளி மறுபடியும் மண்டியிடுவார். அவரைப் பார்க்கவே எனக்கு அசதியாக இருக்கும்.

கோடை முடிகிற சமயத்தில் என் அலுவலகத்துக்கு வந்து மேசையில் மோதிரத்தை வைத்தார். உள்பக்கம் மார்லிஸின் பெயரும் கல்யாண வருடமும் தெளிவாக இருந்தன.

"எங்க இருந்துச்சு?"

"அவர் உக்காருற பெஞ்சுக்குப் பக்கத்துல."

மோதிரத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். "எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"சட்டம் என்ன சொல்லுது?"

"நகைன்னா ஒரு மாசம் இங்க இருக்கணும். தொலைச்சவங்க வந்து கேட்டா அவங்களுக்கு. வரலைன்னா கண்டெடுத்தவங்களுக்கு. ஆனா இது உங்க வீட்டு மோதிரம்தானே?"

"தொலைச்சது லைல். ஒரு மாசம் இருக்கட்டும். வந்து கேக்கறாரான்னு பாப்போம்."

ஒரு மாதம் கழித்து வந்தார். கால் நோகுமே என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"யாரும் வந்து கேக்கலையே?"

"கேக்கல."

"அப்ப கொடு" என்று கையை நீட்டினார். "தேடினது நான் மட்டும்தான்."