துரைராஜ் எழுதாத வரி

தன் நிரலில் தப்பு இருக்கிறது என்று யாராவது சொன்னால் பம்மல் ஷபீனாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதே தப்பைத் தானே கண்டுபிடித்துவிட்டாலோ, அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. 2007 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை.

பல்லாவரத்தில் பர்வேஸ் நடத்திய சின்ன கம்பெனியில் பி.எச்.பி. என்ற கணினி மொழியில் நிரல் எழுதுவது அவள் வேலை. சேலையூரில் ஒரு குடியிருப்புச் சங்கத்துக்கு இணையத்தில் விவாதப் பக்கம் செய்து கொடுத்திருந்தாள். ஒருவர் எழுதியதை மேற்கோள் போட்டு அடுத்தவர் பதில் எழுதலாம். மேற்கோள், எழுதியவர் பெயரோடு ஒரு பெட்டிக்குள் தெரியும். சங்கத்துக்காரர்கள் மகா மரியாதைக்காரர்கள். முன்னால் எழுதியவரின் அரை வரியைக்கூட வெட்ட மாட்டார்கள். மேற்கோளுக்குள் மேற்கோள், அதற்குள் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போனார்கள்.

ஷபீனாவின் நிரலுக்கோ ஒரு பெட்டிதான் தெரியும். உள்ளே எந்தப் பெட்டி முடிந்தாலும், வெளிப்பெட்டியே முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். பெட்டியின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் குறிகளில் மிச்சம் நிற்பவை அசிங்கமாக இருக்கின்றனவே என்று, அவற்றைத் துடைக்க ஒரு வரி வேறு சேர்த்திருந்தாள். குறியோடு அதற்குள் இருக்கும் பெயரும் சேர்ந்து போகும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

சங்கத் தலைவி நாகலக்ஷ்மி ஒரு படம் மாற்றச் சொல்லி போன் செய்தபோது, ஊர்க்கதையாக ஒன்றைச் சொன்னார். செயலாளர் சுப்பராயலுவும் துரைராஜும் இருபது வருஷமாகக் காலையில் சேர்ந்து நடப்பவர்கள். அந்தப் பக்கத்தில் துரைராஜ் எழுதிய ஏதோ ஒரு வரியால் இரண்டு மாதமாகப் பேச்சே இல்லையாம்.

ஷபீனா போய்ப் பார்த்தாள். "செயலாளர் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத்தான் முதலில் நிரப்புகிறார்" என்று எழுதியவர் ஹரிபிரசாத். துரைராஜ் அதை மேற்கோள் போட்டு, "சுப்பராயலு அப்படிப்பட்டவர் இல்லை" என்று மறுத்திருந்தார். மூன்றாமவர் ஒருவர் துரைராஜை மேற்கோள் போட்டபோது, பழி துரைராஜ் பெயரிலும் மறுப்பு அந்த மூன்றாமவர் பெயரிலும் விழுந்துவிட்டன.

சாயங்காலத்துக்குள் திருத்திவிட்டாள். ஒவ்வொரு குறிக்கும் சரியான ஜோடியைத் தேடிப் பிடித்து, preg_replace_callback என்ற பி.எச்.பி. கட்டளை ஒரு ஃபங்ஷனிடம் கொடுக்கும். அந்த ஃபங்ஷன் பெட்டியின் உள்பகுதியை மறுபடி தன்னிடமே கொடுத்துக்கொள்ளும். கடைசிப் பெட்டிவரை இப்படியே இறங்கி, ஒவ்வொன்றையும் அதனதன் பெயரோடு கட்டிக்கொண்டு மேலே வரும்.

"சத்தம் போடாம ஏத்திடு. பழைய பக்கத்த யார் போய்ப் பாக்கப் போறாங்க?" என்றான் பர்வேஸ். அதுதானே அவள் கவலையும்! திருத்திய பக்கத்தைச் சுப்பராயலு பார்க்கப் போவதே இல்லை.

மறுநாள் காலையில் பழையதும் புதியதுமாக இரண்டு பிரிண்ட் அவுட்டோடு சுப்பராயலு வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"இன்னாம்மா?"

"சார், துரைராஜ் சார் உங்கள ஒண்ணுமே சொல்லல. என் ப்ரோக்ராம்தான் பேர மாத்திக் காட்டிடுச்சு. மன்னிச்சிடுங்க."

அவர் இரண்டு தாளையும் படித்தார். திரும்பவும் படித்தார். திட்டு வாங்கத் தயாராகத்தான் அவள் நின்றாள்.

"அவன் வந்தாம்மா. இதே வாசல்ல நின்னுகினு, 'நான் எழுதலடா'ன்னு சொன்னான். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாடான்னு கேட்டு மூஞ்சில கதவ சாத்திட்டேன்."

ஷபீனாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நானே வந்து அவர்கிட்ட சொல்றேன் சார்."

"நீ வராத. உன்னுது ப்ரோக்ராம் தப்பு, அவ்ளோதான்," என்றபடி சுப்பராயலு சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார்.