வண்டி எங்கே முடிகிறது

என் அக்காவிடம் கார் ஓட்டக் கற்க வருகிறவர்களுக்கு முதல் நாள் ஒரே பாடம்தான்: இடிப்பது. மைதானத்தின் ஓரத்தில் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டு, "மெதுவா போய் அதைத் தொடுங்க" என்பாள். வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். இடிக்காமல் ஓட்டக் கற்கத்தானே வந்திருக்கிறார்கள்! "வண்டி எங்க முடியுதுன்னு தெரியாததுலதான் பாதி பயமே. ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டா தெரிஞ்சிடும்" என்பாள். முன்பக்கம் ஒரு தரம், ரிவர்ஸில் ஒரு தரம். பக்கத்து இருக்கையில் அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஊரே அவளைப் பிரேக் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது.

இதில் என் மானம்தான் கப்பலேறியது. நான் கார் அலங்காரக் கடை வைத்திருப்பவன். பம்பர், வண்டியின் அடிப்பக்கம் ஓரமாக மாட்டும் ஸ்கர்ட், பெயிண்டுக்கு மேல் போடும் பூச்சு, எல்லாம் என்னிடம் உண்டு. என் கூடப்பிறந்தவள், பின்பக்க மூலை உடைந்த பம்பரோடு கடை வாசலில் வந்து நின்றால் வாடிக்கையாளர் என்ன நினைப்பான்? "மாத்திக்கோயேன்" என்று நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறேன். காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள்.

அந்த மூலையை உடைத்தது மாணவர்கள் யாரும் இல்லை; அக்கா புருஷன், என் அத்தான்தான். அவர் பொய்ப்பல் செய்கிறவர். மயிரிழை பிசகினாலும் வாங்கிப் போனவர் மென்று தின்ன முடியாது என்பதால், எதையும் நூல் பிடித்த மாதிரிச் செய்து பழகிய மனிதர். போன வருஷம் ஒரு மாலை, வீட்டிலிருந்து ரிவர்ஸ் எடுக்கையில் வாசல் கேட் தூணில் மோதிவிட்டார். பிளாஸ்டிக் தெறித்தது, அவ்வளவுதான். ஆனால் அதற்குச் சற்று முன்பு வரை அந்தத் தூணில் சாய்ந்துதான் அவர் மகள் போன் பேசிக்கொண்டிருந்தாள். அன்று சாவியை அக்கா கையில் கொடுத்தவர், பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. தினமும் காலையில் வண்டியைக் கழுவுவார். அந்த மூலை வந்ததும் துணி தானாக நின்றுவிடும்.

இந்த வருஷம் அக்காவின் முட்டி மக்கர் செய்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அன்று சாயங்காலமே என் கடைக்கு வந்துவிட்டாள்.

"மாசக்கணக்குல நான் பெடல் மிதிக்க முடியாதாம். அவர் ஓட்டணும்டா. வாடகை வண்டி கிடைக்காதுன்னு இல்ல. இப்ப விட்டா அவர் இனிமே எப்பவுமே எடுக்க மாட்டாரு. அந்த உடைஞ்ச மூலையைப் பாத்தாலே மனுஷன் முகம் செத்துப்போகுது. அதை மாத்து. ஆனா புதுசு, இடிச்சாலும் உடையக் கூடாது."

அதற்கு முன் அவள் குரல் உடைந்து நான் கேட்டதில்லை.

மறுநாள் இருவரும் வந்தார்கள். மூன்று துண்டுகளைத் தரையில் பரப்பினேன். முதலாவது ஃபைபர்: இளைத்த உடம்பு, நல்ல வளைவு, பார்த்தாலே ஆசை வரும். இரண்டாவது சாதாரண பம்பர் பிளாஸ்டிக். மூன்றாவது ரப்பர் போல வளையும் பாலியூரித்தேன். கனம் அதிகம், அழகு கொஞ்சம் மட்டு. நான் ஃபைபரைப் புகழ்ந்துகொண்டே இருந்தேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் ஏறி நின்றாள். 'டப்' என்றது.

"ஐயோ! அது சாம்பிள் பீஸ்க்கா!"

"என் வெயிட்டுக்கே உடையுது, இது தூணுக்குத் தாங்குமா?"

பிளாஸ்டிக் தாங்கியது, ஆனால் மடிந்த இடத்தில் வெளுத்துக் கோடு விழுந்தது. மூன்றாவது நசுங்கியது; அவள் இறங்கியதும் ஒன்றும் நடக்காத மாதிரிப் பழையபடி நிமிர்ந்தது. "இதுதான்" என்றாள். முன்னும் பின்னும் பம்பரோடு சேர்ந்த முழு செட்டாகச் சொல்லிவிட்டாள். இதற்குப் போடும் பெயிண்டும் கூடவே வளைய வேண்டும், இல்லாவிட்டால் உரிந்துவிடும். அதற்கென்று ஒரு கலவை உண்டு. அதை நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன்.

அத்தானின் கண் வேறு பக்கம் இருந்தது. செராமிக் பூச்சுப் போட்ட பலகையில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டதை ரசித்துக்கொண்டிருந்தார்.

"இதப் போட்டா கீறல் விழாதா, மாப்ள?"

பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "விழும் அத்தான். இது அழுக்கு ஒட்டாம, பளபளப்பு போகாம பாத்துக்கும், அவ்வளவுதான். உரசலுக்கு ஃபிலிம்தான் சரி. தடியா, கண்ணாடி மாதிரி மேல ஒட்டுறது. உரசல் அதுமேலதான் விழும், பெயிண்டைத் தொடாது. லேசான கோடுன்னா வெந்நீர் ஊத்தினா தானா மறைஞ்சிடும்."

"மறைஞ்சே போயிடுமா?" என்று இரண்டு முறை கேட்டார். சுற்றிலும் ஃபிலிம் ஒட்டச் சொன்னார்.

வண்டி புதுப்பெண்ணாட்டம் ஜொலித்தது. விபரீதமும் அங்கேதான் தொடங்கியது. உடைந்த வண்டியைத் தொடப் பயந்த மனிதர், பளபளக்கும் வண்டியைக் கண்டு இன்னும் பயந்தார். மைதானத்துக்கே வந்து, மாணவர்கள் பெட்டியைத் தொடும்போதெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கேட் தூணுக்குப் பழைய மெத்தையைச் சுற்றிக் கட்டினார். "நீங்க ஒரு தரம் பெட்டியைத் தொடுங்களேன்" என்று அக்கா தினமும் கூப்பிட்டாள். தினமும் அவருக்கு ஏதோ ஒரு பல் வேலை அவசரமாக இருந்தது. ஒருநாள் அக்கா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, கத்தியை எடுத்து மெத்தையை அறுத்து எறிந்தாள். அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

ஆபரேஷன் நாள் காலையில், எதற்கும் இருக்கட்டும் என்று என் வண்டியில் போனேன். அக்கா பையோடு வாசலில் நின்றாள். அத்தான் கையில் சாவி. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஓட்டட்டுமாக்கா?" என்றேன்.

"உன்னை யாரு கேட்டா?" என்றாள். பிறகு செய்தாள் பாருங்கள், அதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த வண்டியை வாங்கிய நாள் முதல் பிரேக் இருக்கும் இருக்கையைத் தவிர வேறெங்கும் மாணவர்களோடு உட்காராதவள், பின்கதவைத் திறந்து, முட்டியைக் கையால் தாங்கி, பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அத்தான் அவளைப் பார்த்தார். அப்புறம் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். நான் அவர் பக்கத்தில், பிரேக் முன்னால்.

"தம்பி, காலை எடு."

"சும்மாதான்க்கா வச்சிருக்கேன்."

"எடுடா!"

இரண்டு காலையும் இருக்கைமேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டேன். வண்டி ரிவர்ஸில் நகர்ந்தது. அத்தானின் சட்டைக் காலர் நனைந்திருந்தது. பாதி வழியில் நின்றது, மறுபடி நகர்ந்தது. பின்னால் 'தொப்'பென்று ஒரு சத்தம். தூண்.

அத்தான் இறங்கிப் பின்னால் போனார். நானும் ஓடினேன். நசுங்கிய மூலை நிமிர்ந்துவிட்டிருந்தது. ஃபிலிமின் மேல் நாலைந்து மெல்லிய கோடுகள்.

"வெந்நீர் ஊத்தினா போயிடும் அத்தான், இதோ, உள்ள போய்க் காய்ச்சி எடுத்துட்டு வரேன்" என்று திரும்பினேன்.

என் கையைப் பிடித்து நிறுத்தினார். குனிந்து அந்தக் கோடுகளை விரலால் தடவினார், பல்லின் விளிம்பைச் சோதிப்பது போல. பிறகு தூணைப் பார்த்தார், பம்பரைப் பார்த்தார்.

"வேணாம், மாப்ள. இருக்கட்டும். இங்கதான் முடியுது."

ஏறி உட்கார்ந்து, கொஞ்சம் முன்னால் எடுத்து, ஸ்டீயரிங்கை ஒடித்து, மறுபடி ரிவர்ஸ் போட்டார். தூணை ஒட்டி, அதைத் தொடாமல், வண்டி தெருவுக்கு வந்தது. பின்சீட்டில் அக்கா தேம்பித் தேம்பி அழுதாள். "வலிக்குதா?" என்று கண்ணாடியில் பார்த்து அத்தான் கேட்டார்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள் பிரேக் டீச்சர்.