மகளைக் கூட்டிவர ஏற்காடு போன ஞாயிறு

ஏற்காட்டு ஹாஸ்டலில் பிள்ளையைச் சேர்க்க யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மகள் நிவேதா இந்த ஆண்டுதான் அங்கே எட்டாம் வகுப்பில் சேர்ந்தாள். ஜூலையில் ஒருநாள் போனில், "யாருமே எங்கிட்டப் பேசறதில்லப்பா, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று அழுதாள். ஜவ்வரிசி லோடு ஏற்றும் வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஞாயிறன்று கிளம்பினேன்.

சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். வயிறு புரட்டுமென்றால் பஸ்ஸில் முன்னால் உட்காருங்கள். மேலே ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கியதும் ஆட்டோக்காரர் ஹாஸ்டலுக்கு நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார்.

"புள்ளையப் பாக்கவாங்க?"

"கூட்டிட்டுப் போகங்க."

"அப்ப மழைக்கு முன்னாடி எறங்கீருங்க."

சேர்க்கும்போது, அறையில் எல்லாம் சேலத்துப் பிள்ளைகளாக, நம்ம வகையறாவாகப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தோம். பழகச் சுலபம் என்று நினைப்பு. ஹாஸ்டல் வார்டனம்மா சொன்னதோ வேறு.

"அந்த ரூம்ல ஒருத்தி சொல்றதத்தான் மத்த ரெண்டும் கேக்கும்ங்க. அவ மூஞ்சியத் திருப்பிட்டா உங்க புள்ள எங்க போகும்? புதங்கெழம ரூம மாத்திட்டனுங்க. இப்ப கூட இருக்கறது மணிப்பூர்ப் புள்ள, இங்க மலையிலயே மாரமங்கலத்துப் புள்ள, ஜார்க்கண்ட்ல இருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவங்க புள்ள."

"ஏனுங்க, எங்களக் கேக்காமயா?" எனக்குச் சுருக்கென்றது.

அதற்குள் நிவேதாவும் புது அறைப் பிள்ளைகள் மூவரும் வந்துவிட்டார்கள். அந்த அறையில் ஒரு வழக்கம்: யார் வீட்டுச் சாப்பாடு வந்தாலும் மற்ற மூவரும் முதலில் கைவைக்க வேண்டும். என் மனைவி கட்டிக்கொடுத்த புளிச்சோறு திறந்த வேகத்தில் பாதியானது.

"உங்க ஊட்டுல புளிக்கு நொம்பப் பஞ்சமாடி?" என்றாள் மாரமங்கலத்துக் கமலா.

"காரமே இல்லே. உங்க ஊர்லே மிளகாய் விக்காதா?" என்றாள் மணிப்பூர் லின்தோய்.

"நீ மிளகாய்ச் செடியிலயே காய்ச்சவ, உனக்கு எதுடி காரம்?" என்றாள் என் மகள். ஜார்க்கண்ட் பெண்ணுக்குச் சிரித்துப் புரையேறியது.

"பொட்டி கட்டிட்டியா சாமி?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. நான் இருக்கேன்."

"பழைய ரூம்ல அந்த மூணு பேரும்?"

"இன்னும் பேசறதில்ல. பேசாட்டிப் போறாங்க."

ஒரே வியாபாரி இருக்கும் சந்தையில் அவன் வைத்ததுதான் விலை. நாலு ஊர் வியாபாரி வந்தால் ஒருவன் வேண்டாமென்றாலும் சரக்கு தேங்காது. பிள்ளைகளின் சகவாசமும் அப்படித்தான் போலிருக்கிறது. அறை கேட்கும்போது "நம்ம பக்கத்துப் பிள்ளைகள்" என்று மட்டும் கேட்காதீர்கள்.

தனியாக வீடு திரும்பினேன். "புள்ள எங்க?" என்று மனைவி பதறினாள்.

"அங்கதான் இருக்கா. வர்ற ஞாயித்துக்கெழம நாலு பேருக்கு ஆக்கு. காரம் தூக்கலா."