சுவரைத் தட்டிய கை

அந்த அடுக்குமாடியில் எல்லோரும் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் இல்லை. வீடு வீடாகப் போய், படுக்கையோடு கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். முறையாகப் பயிற்சி எடுத்தவள். ஆளைப் புரட்டிப் படுக்க வைப்பது, முதுகில் புண் வராமல் காப்பது, கனத்த உடம்பை இடுப்பு பிடிக்காமல் தூக்குவது எல்லாம் கைவந்த வேலை. அழுகிற மகன்களையும் மருமகள்களையும் அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, ஆக வேண்டியதைப் பார்ப்பாள். கடைசியில் சொந்தப் புருஷனே படுக்கையில் விழுந்தபோது, "அவரு குடுத்து வெச்சவரு. வீட்டுலயே சிஸ்டர்" என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அவர் ஏசி மெக்கானிக். இருவரும் சந்தித்ததே ஒரு நோயாளியின் வீட்டில்தான். ஏசி ஓடவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். வந்த மனிதர் திருப்புளியைக்கூட வெளியே எடுக்காமல், மெஷின் இருந்த சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு விரல் முட்டியால் இரண்டு தட்டு.

"என்னங்க, சுவத்துக்கு நாடி பாக்குறீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"உங்க தொழில்தாங்க. என் நோயாளிக்கு வாய் கிடையாது. தட்டிக் கேட்டாத்தான் பதில் சொல்லும்."

வாயாடி. மெஷினைச் சரிசெய்த பிறகும், சரியாக ஓடுகிறதா என்று பார்க்க இரண்டு தடவை வந்தார். மெஷினைப் பார்க்கத்தான் வந்தார் என்று அந்த நோயாளியைத் தவிர யாரும் நம்பவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் முதலில் சுவரைத் தட்டுவார். "பேசாம உக்காருங்க, மானம் போகுது" என்று அவள் சட்டையைப் பிடித்து இழுப்பாள். "உள்ள ஒரு தகடு ஆடுது, அவங்களுக்கே தெரியல" என்று அவள் காதில் சொல்வார். அந்தத் தட்டல் என்ன கேட்கிறது என்பது உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

பக்கவாதம் வந்து அவருடைய வலப்பக்கம் விழுந்தது. பேச்சும் அடியோடு போனது. காது கேட்கிறது, சொல்வது புரிகிறது என்று டாக்டர் சொன்னார். மிஞ்சியது இடது கை. அது ஆரம்பத்தில் சும்மா இருக்கவில்லை. காற்றில் வட்டம் போடும், ஜன்னலைக் காட்டும், போர்வையில் எதையோ வரையும். அவள் அந்தக் கையைப் பிடித்துப் படுக்கையில் வைப்பாள். "கையை அலைக்காதீங்க, தோள் பிசகிக்கும்." பயிற்சியில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: பேச்சு போனவருக்கு ஒரு சைகை பழக்கு, ஒன்று போதும், நிறைய வைத்தால் குழம்புவார்கள். எனவே கட்டிலை இடப்பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டு, சுவரைத் தட்டினால் மூத்திர பாட்டில் என்று பழக்கினாள். அவர் சீக்கிரமே பழகினார். கை அலைவது கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. நோயாளி நல்லபடியாக ஒத்துழைக்கிறார் என்று அவளுக்குத் திருப்தி.

வெயில் ஏறத் தொடங்கிய நேரம் பழைய மெஷின் நின்றுபோனது.

அந்தக் கட்டிடத்தில் வெளிச்சுவரில் எதையும் மாட்டக்கூடாது. அத்தனை உயரத்திலிருந்து ஏதாவது கழன்று விழுந்தால் கீழே போகிறவன் கதி என்ன ஆவது? அதனால் ஒவ்வொரு வீட்டிலும் படுக்கையறைச் சுவரில் சதுரமாக ஒரு துளை விட்டு, வெளிப்பக்கம் கம்பிச் சட்டம் போட்டிருந்தார்கள். மற்ற இடங்களில் மொட்டை மாடியில் உட்கார்ந்து வெப்பக் காற்றைக் கக்கும் பெட்டி, இங்கே அந்தத் துளைக்குள் உட்காரும். குளிர்ச்சியைக் கொடுப்பது அறைக்குள் தலைக்கு மேலே இருக்கிற மெஷின். உழைப்பது இந்தச் சுவர்ப்பெட்டி. பழைய பெட்டியை வைத்தவர் அவளுடைய புருஷனேதான். துளைக்கு நடுவே குறுக்காக ஒரு தகட்டை வெட்டி அவரே பொருத்தியிருந்தார்.

கடையிலிருந்து ஓர் இளைஞன் அளவெடுக்க வந்தான். நல்ல பையன். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிலில் கிடந்தவருக்கு வணக்கம் சொன்னான்.

"ரெண்டு இருக்கு சிஸ்டர். ஒண்ணு இந்த மாதிரி சுவத்துத் துளைக்குன்னே செஞ்சது. அளவு கச்சிதமா உக்காரும். ஆனா கொஞ்சம் உறுமும். இன்னொண்ணு சத்தமே வராது. பெட்டி கொஞ்சம் அகலம். நடுவுல இருக்கிற தகட்டை எடுத்துட்டா உள்ள போயிடும்."

"தகடு எதுக்கு இருக்கு?"

"பழைய பெட்டியைத் தாங்குறதுக்கு வெச்சிருப்பாங்க."

அவள் யோசிக்கவே இல்லை. நோயாளியின் தலைமாட்டில் உறுமுகிற பெட்டியை எந்தப் பைத்தியக்காரி வைப்பாள்? தூக்கம் கெட்டால் ரத்த அழுத்தம் ஏறும். ரத்த அழுத்தம் ஏறினால் மறுபடியும் ஆஸ்பத்திரி. "சத்தம் வராததையே போடுப்பா" என்றாள்.

எதிர்வீட்டு அம்மா கதவில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள். "மெக்கானிக் வீட்டுக்கே வெளியாள் மெக்கானிக்கா?" என்று சிரித்தாள்.

"டாக்டருக்கும் டாக்டர்தான் ஊசி போடணும்" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

மறுநாள் பெட்டியைப் பொருத்தினார்கள். அந்த இளைஞன் தகட்டை அறுத்து எடுத்து, கட்டிலைத் தாண்டி வெளியே கொண்டு போனான். அப்போதுதான் அவர் சுவரைத் தட்டினார்.

அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள். இளைஞனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, திரையை இழுத்துவிட்டு, பாட்டிலை வைத்துப் பிடித்தாள். ஒன்றும் வரவில்லை. அவர் இடது கையால் பாட்டிலைத் தள்ளினார். "சரி, அப்புறம் பாப்போம்" என்று எழுந்தாள். மறுபடியும் தட்டினார். மறுபடியும் பாட்டில். அதுவும் வீண். மூன்றாம் முறை அவர் பலமாகத் தட்ட, அவள் போர்வையை விலக்கிப் பார்த்தாள். ஈரமில்லை. முதுகைத் தொட்டுப் பார்த்தாள். புண்ணில்லை. தலையணையை மாற்றினாள். தண்ணீர் கொடுத்தாள், அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"ஆளு வந்திருக்கிற நேரத்துல இப்படிச் சும்மா சும்மா கூப்பிடாதீங்க" என்றாள் அதட்டலாக. அந்தக் கையை எடுத்து நெஞ்சின் மேல் வைத்து, மேலே போர்வையை இழுத்துச் செருகினாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். அதற்குள் தகடு லிஃப்டில் இறங்கிவிட்டது.

புதிய மெஷின் சத்தமில்லாமல்தான் ஓடியது. எதிர்வீட்டு அம்மா வந்து காதைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஓடுதா, இல்ல காசை வாங்கிட்டு வெறும் டப்பாவ வெச்சுட்டாங்களா?" என்று கேட்டாள். வெயில் உச்சிக்கு வந்ததும் அது பாதி உண்மையானது. மதியமானால் மெஷின் தானாக நின்றுவிடும். ஆறிய பிறகு ஓடும், திரும்ப நிற்கும். அறை அடுப்பங்கரை மாதிரி ஆனது. எத்தனையோ நோயாளிகளை ஒரு கொப்புளம் வராமல் பார்த்தவளின் புருஷனுக்கு, இடுப்பில் தோல் சிவந்து உரிந்தது. அவள் ஈரத்துணியால் துடைத்தாள், விசிறினாள், கடைக்கு விடாமல் போன் செய்தாள். அவர் வேறு எதற்கும் தட்டவே இல்லை. பாட்டிலுக்கு மட்டும் தட்டினார்.

இளைஞன் வந்தான். பெட்டியின் முன்மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே கையை விட்டவன், சுட்டுக்கொண்டவன் போல வெளியே எடுத்தான்.

"வெளிய தள்ளுற சூட்டையே திரும்ப உள்ள இழுத்துக்குது சிஸ்டர். அந்தத் தகடு பெட்டியைத் தாங்குறதுக்கு இல்ல. போற காத்தையும் வர்ற காத்தையும் பிரிக்கிறதுக்கு வெச்சிருக்காங்க. எனக்குத் தெரியாமப் போச்சு. யாரு போட்டது?"

"இவருதான்."

அவன் கட்டிலைத் திரும்பிப் பார்த்தான். "அன்னிக்கே ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"அவருக்குப் பேச்சு வராதுப்பா."

"கை வருதில்ல" என்றான் அவன். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான், சொல்லிவிட்டு டேப்பை எடுத்து அளக்கப் போய்விட்டான்.

அவள் கையில் ஈரத்துணியோடு நின்றாள். விருந்துக்குப் போன வீடுகள் எல்லாம் ஞாபகம் வந்தன. சட்டையைப் பிடித்து இழுத்ததும் ஞாபகம் வந்தது. ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய தட்டல் அது. அவள் பாட்டிலைக் கொண்டு போய் நீட்டியிருக்கிறாள்.

அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உறுமுகிற பெட்டியையே வாங்கினார்கள். இந்தத் தடவை அவள் புதுத் தகட்டைக் கட்டிலருகே கொண்டுவந்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். "என்னங்க, இது சரியா இருக்கா பாருங்க. சரின்னா கையைத் தூக்குங்க." அவர் தகட்டைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். "ஐயாவுக்குத் தூக்கம் போல" என்றான் இளைஞன். தூக்கம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். எத்தனை பேர் கண்ணை மூடிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். தூங்குகிறவர் மூச்சு அப்படி வராது.

தகடு சரியாக உட்கார்ந்தது. அறை குளிர்ந்தது. இடுப்புப் புண்ணும் ஆறியது. அதன் பிறகு அவள் எல்லாவற்றையும் அவரிடம் கேட்டாள். ஜன்னலைத் திறக்கட்டுமா, நீலச் சட்டையா வெள்ளைச் சட்டையா, ரேடியோ வேண்டுமா. பதிலுக்காகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கை போர்வைக்கு மேலே, அவள் வைத்த இடத்திலேயே கிடந்தது.

ஒரு மதியம் அவள் சமையலறையில் இருந்தபோது சுவரில் தட்டல் கேட்டது. இரண்டு தட்டு. பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பாட்டிலை எடுக்கவில்லை. நேராகப் போய்ப் பெட்டியின் மூடியைக் கழற்றினாள்.

"என்னங்க, சத்தம் மாறியிருக்கா? தகடு ஆடுதா? தண்ணி ஒழுகுதா? எதுன்னு காட்டுங்க, நான் பாக்குறேன்."

சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், அவர் வைப்பது போலவே. உறுமல் சீராக இருந்தது. திரும்பினாள். அவர் முகம் சிவந்திருந்தது. இன்னும் ஒரு தடவை தட்டினார், மெதுவாக.

"சொல்லுங்க, நான் எங்கயும் போகல. நிதானமாச் சொல்லுங்க."

அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். போர்வையில் ஈரம் பரவியது.

அவள் மூடியை மாட்டினாள். வெந்நீரும் துணியும் மாற்று விரிப்பும் எடுத்து வந்தாள். அவரை ஒருபக்கமாகப் புரட்டி, நனைந்ததைச் சுருட்டி, காய்ந்ததை விரித்து, மறுபக்கம் புரட்டினாள். வேலை சுத்தமாக நடந்தது. அந்தக் கைக்கு அவள் பழக்கியது ஒரே ஒரு சொல். அவர் அதைத்தான் சொல்லியிருந்தார்.

விரிப்பை இழுத்துச் செருகிவிட்டு, பாட்டிலைக் கழுவி, கை எட்டுகிற இடத்தில் வைத்தாள்.