மகளுக்கும் ஒரு மெழுகுதிரி

பலேர்மோ நகரைச் சுற்றிக் காட்டியவர் யாழ்ப்பாணத்து மனிதர். நரைத்த மீசை, வெயிலில் கறுத்த கழுத்து. பஸ்ஸில் ஏறுகிறவர்களை விரலால் எண்ணமாட்டார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தலையாட்டுவார்.

எங்கள் மூன்று பேருக்கும் அந்தப் பயணத்தைப் பதிவு செய்தது மகள்தான். மாசியில், கனடாவில் ஸ்ரௌவ்வில் பக்கம் நடந்த கார் விபத்தில் அவள் போய்விட்டாள். அவள் ஆசைப்பட்ட இடம் என்று நானும் கணவரும் டொரன்டோவிலிருந்து போனோம்.

"தங்கச்சி, இன்னும் ஒராள் வரவேணுமே?"

"மகள் வரேல்லை, அண்ணை."

"நித்திரையாக்கும்! உந்தப் பிள்ளையள் லீவில விடிய எழும்பாதுகள்."

நான் தலையாட்டிவிட்டேன். கணவர் கடற்பக்கம் திரும்பிக்கொண்டார்.

துறைமுகம், சந்தை எல்லாம் காட்டிவிட்டு, அங்குள்ள சைவச் சனமும் வெறுங்காலோடு ஏறி நேர்த்தி வைக்கும் மலைக்குகைக் கத்தோலிக்கக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். என்னிடம் இரண்டு மெழுகுதிரிகளைத் தந்தார்.

"ஒண்டு மகளுக்கு. படிப்போ, கலியாணமோ, நினைச்சுக் கொளுத்துங்கோ."

கொளுத்தினேன். எதை நினைப்பதென்று தெரியவில்லை.

பிரியும்போது, "நாளைக்கு அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் சும்மா சுத்திக் காட்டுறன்" என்றார்.

"ஓம் அண்ணை."

இங்கே டொரன்டோவில் எங்களைக் காண்பவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்துகிறார்கள். அந்த மனிதர் மட்டும்தான் என் மகளைப் பற்றிச் சிரித்துக் கதைத்தார். அவருக்கு ஒருநாளும் தெரியவராமல் இருக்கட்டும்.